விளக்கு வெளியே வைத்தவை

மேசை விளக்கு முதன்முதலில் வீட்டைவிட்டு வெளியேற்றியது ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்தை. வீட்டுக்காரரை வெளியேற்ற அதற்குப் பதினோரு மாதம் ஆனது. இடையில் போன வருடத்து நாட்காட்டி, மூடி தொலைந்த மூன்று பேனாக்கள், திருமணப் பரிசாக வந்து இன்னும் பிரிக்கப்படாத கோப்பைப் பெட்டி எல்லாம் போயின. சத்தம் கிடையாது, புகை கிடையாது. விளக்கைப் போட்டதும் அதன் வெளிச்ச வட்டத்துக்குள் எது வேண்டாததோ அது காணாமல் போகும். கதவைத் திறந்தால் இரண்டாம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில், சுவரோரமாக, உயர வரிசைப்படி நிற்கும். எடுத்து வந்து வைத்தால் மறுபடியும் போகும். ரோஜாக் கொத்து மட்டும் இருபத்தாறு முறை போனது.

வீட்டுக்காரர் பாலம் கட்டும் அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். ஆற்றுப்பாலம் முடிந்து ஊர் திரும்பிய வடதேசத்துப் பொறியாளர், தன் அம்மாவுக்குக் கல்யாணமான வருடம் வாங்கிய விளக்கு என்று சொல்லி அதை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பூசணிக்காய் பருமனுக்குப் பீங்கான் உடம்பு, மழைக்கு முந்தைய வானத்தின் சாம்பல் நீலம், களிமண் ஈரமாக இருக்கும்போதே சீப்பால் கீறிய கோடுகள், தலையில் முரட்டுத் துணித் தொப்பி. ஒரு பூ இல்லை, ஒரு பொன் கோடு இல்லை. "இதுல என்னங்க இருக்கு?" என்றார் மனைவி. ஒரே வாரத்தில் அது இல்லாமல் மனைவிக்கு வேலை ஓடாது என்றானது. அவர் பல் மருத்துவர்களுக்காக வீட்டிலேயே பல்செட் செய்பவர். பல்லின் வெள்ளையில் பதினாறு வெள்ளை உண்டு. குழல்விளக்கில் அவை நாலாகத்தான் தெரியும். இந்த விளக்கின் கீழே பதினாறும் பதினாறாகவே தெரிந்தன. புகைபிடிப்பவர் பல், தேநீர்க்காரர் பல், எந்நேரமும் பல்லைக் கடிக்கும் கோபக்காரர் பல் என்று தொடாமலே பிரித்து வைத்தார். மெழுகு, பிளாஸ்டர் அச்சு, சின்ன ரம்பம், அரைகுறை ஈறுகள் என்று அவர் மேசை சந்தைக்கடை மாதிரி கிடக்கும். விளக்கு அதில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

மின்சாரக்காரரை வரவழைத்தார்கள். அவர் பிளக்கைக் கழற்றினார், மாட்டினார், தன் கைப்பையை வட்டத்துக்குள் வைத்து விளக்கைப் போட்டார், பிறகு வெளியே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "வயர்ல ஒரு குறையும் இல்ல சார். அதுக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்றார்.

அப்போதுதான் வீட்டுக்காரருக்கு அந்த யோசனை வந்தது. அவருடைய தம்பி நான்கு வருடமாக எந்த வேலைக்கும் போகாமல், கூடத்துச் சோபாவில் காலை நீட்டிப் படுத்து, பழைய வாரப் பத்திரிகைகளை மறுபடியும் மறுபடியும் படித்துக்கொண்டிருந்தான். போகச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரவில்லை. விளக்கு சொல்லட்டும் என்று நினைத்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அளவுகோலும் சாக்கட்டியுமாக வெளிச்ச வட்டத்தைத் தரையில் வரைந்தார். தம்பியோடு சேர்த்துச் சோபாவை அதன் மையத்துக்கு நகர்த்தினார். நடப்பதை அருகிலிருந்து பார்க்க ஒரு நாற்காலியையும் போட்டுக்கொண்டு, மனைவியிடம் விளக்கைப் போடச் சொன்னார். கண் மூடித் திறப்பதற்குள் அவர் படிக்கட்டுத் திருப்பத்தில், நாட்காட்டிக்கும் கோப்பைப் பெட்டிக்கும் பக்கத்தில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். உயர வரிசையில் அவர்தான் முதல்.

கதவைத் திறந்தவன் தம்பி. "என்னண்ணே, எப்ப வெளிய போனே?"

அதற்குப் பிறகு தினமும் அதே கதைதான். நாற்காலியைச் சாக்கட்டிக் கோட்டுக்கு நாலு அங்குலம் தள்ளிப் போட்டார். விளக்கின் தொப்பி அந்தப் பக்கமாகச் சாய்ந்தது. மனைவிக்கு உதவினால் விளக்கு மனமிரங்கும் என்று அச்சைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே ரம்பத்தை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அச்சு மேசையிலேயே இருந்தது, அவர் வெளியே இருந்தார். மேல் வீட்டு வங்கிக்காரர் இறங்கும்போதெல்லாம் "இன்னிக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"அவன் சோறு தின்னுட்டுத் தூங்குறான், அவனை விட்டுட்டு என்னைத் தள்ளுது. இந்தக் குடும்பத்துக்கு உழைக்கிறது யாரு?" என்று அவர் ஒருநாள் கதவிடுக்கில் நின்று கத்தினார்.

"அவர் சும்மா இருக்கார்ங்க. நீங்க ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கீங்களா?" என்றார் மனைவி, தலை நிமிராமல்.

"அந்த விளக்கு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு."

மனைவி அடுத்த பல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "எட்டு மணிக்கு அணைச்சிடுவேன், வாங்க."

மறுநாள் காலை வீட்டுக்காரர் விளக்கைப் போர்வையில் சுற்றி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய பொருள் கடையில் விட்டுவிட்டு வந்தார். அன்று மாலை தன் கூடத்தில், தன் நாற்காலியில், இரவுச் சாப்பாடு வரை உட்கார்ந்திருந்தார். பத்தாம் நாள் ஒரு தலைமையாசிரியையின் பல்செட் திரும்பி வந்தது: முன்பற்கள் இரண்டும் மற்றவற்றோடு சேரவில்லை, சிரித்தால் இரண்டு பேர் சிரிப்பதுபோல் இருக்கிறதாம். விளக்கு வந்ததிலிருந்து மனைவி செய்த எதுவும் திரும்பி வந்ததில்லை. அந்தப் பற்களைக் குழல்விளக்கின் கீழே அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, மேசையில் வைத்து, கையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்த வீட்டுக்காரர், அப்படியே எழுந்து பழைய பொருள் கடைக்குக் கிளம்பினார்.

கடையில் விளக்கு இருந்தது. கடை முழுக்கக் காலியாக இருந்தது. பொருளெல்லாம் நடைபாதையில் உயர வரிசையில் நிற்க, கடைக்காரர் முதல் ஆளாக, ஒரு பழைய தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "சார், கையெடுத்துக் கும்பிடுறேன், கொண்டு போயிடுங்க" என்றார்.

வீட்டுக்காரர் அதை மேசைமேல் வைத்து, பிளக்கை மாட்டினார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு முக்காலியையும் பென்சில் டப்பாவையும் எடுத்துக்கொண்டு, தானாகவே படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போய் உட்கார்ந்து, "ம், போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

அடுத்த பதினான்கு வருடத்தில் மூன்று பாலங்களுக்கு அங்கேதான் வரைந்தார். குடியிருப்போர் சங்கம் திருப்பத்தில் ஒரு குழல்விளக்கு போட்டுத் தந்தது. புதிதாகக் குடிவருபவர்களுக்குத் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும்போதே, ஆறிலிருந்து எட்டு வரை இடப்பக்கமாக ஏறச் சொல்லிவிடுவார்கள். தம்பி சோபாவிலேயே நரைத்தான். ஒரு மாலை ஏழு மணிக்கு, எட்டாக ஒரு மணி நேரம் இருக்கும்போதே, விரலில் மெழுகோடு மனைவி அவருக்குப் பக்கத்தில் நின்றார். கண் மங்கி மூன்று மாதமாகவே பதினாறு வெள்ளையும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிந்திருந்தன, யாரிடமும் சொல்லவில்லை. மூடிய கதவைப் பார்த்தார், கையைப் பார்த்தார். வீட்டுக்காரர் முக்காலியில் பாதி நகர்ந்து இடம் விட்டார்.

"கொஞ்சம் தள்ளுங்க, இன்னும்" என்றார் மனைவி.