பிஸ்கட் டப்பா எடுத்த படம்

இஸ்திரிக் கடைக்காரருக்கு மகளைப் பற்றி ஏகப் பெருமை. ஆனால் அவள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழிப்பார். கல்லூரியில் போட்டோகிராபி படிக்க அவளுக்கு இடம் வேண்டும். அதற்குத் தன் கைவரிசையைக் காட்டும் ஆல்பம் ஒன்றைத் திங்கட்கிழமை கொண்டுபோய் வைக்க வேண்டும். அதற்காகப் பிலிமை டீயில் ஊற வைத்தாள். ஒரே பிலிமில் மழையையும் பூனையையும் ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்தாள். சமையலுக்கு வாங்கிய கீரையைப் போட்டோ காகிதத்தின் மேல் பரப்பி வெயிலில் வைத்தாள். "கீரையை எதுக்கு வீணாக்குற?" என்று கேட்ட அப்பாவிடம், நரம்பு நரம்பாக வெள்ளைக் கீரை விழுந்திருந்த காகிதத்தைக் காட்டினாள். மனிதர் வாயைப் பிளந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். லென்ஸே இல்லாமல் ஒரு மனிதரைப் படமெடுக்க வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது அம்மாவை. அம்மா படம் சரியாக அமையாவிட்டால் ஆல்பத்துக்கே உயிரில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

பிஸ்கட் டப்பாவின் உட்புறம் கறுப்பு பூசி, பக்கவாட்டில் ஊசியால் ஒரு துளை போட்டு, உள்ளே போட்டோ காகிதத்தை ஒட்டிக் கடை அலமாரியின் மேல் உட்கார வைத்தாள்.

"இதுவா கேமரா? நேத்து வரைக்கும் இதுக்குள்ள பிஸ்கட்தானே இருந்துச்சு?" என்றார் அப்பா.

"இன்னிக்கு நீங்க இருப்பீங்கப்பா. மத்தியானம் வரைக்கும் இது மெதுவா வெளிச்சத்தைக் குடிக்கும். நீங்க ரெண்டு பேரும் வழக்கம்போல இருங்க, போதும்."

இருவரும் வழக்கம்போலவே இருந்தார்கள். பீரோவில் கிடந்த நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்த அம்மா, துணிக்குத் தண்ணீர் தெளித்தாள், தேய்த்தாள், மடித்தாள், கம்பியில் மாட்டினாள், வாசலில் வந்து நின்றவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். பம்பரமாய்ச் சுழன்றாள். அப்பாவுக்கு மேற்பார்வை. மேற்பார்வை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது, பேப்பர் மடியில் சரிந்ததும் கண்ணை மூடிக்கொள்வது. கெட்ட மனிதர் இல்லை. தானாக ஒரு துரும்பைக் கிள்ளிப் போட மாட்டார், அவ்வளவுதான்.

சாயங்காலம் குளியலறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு மகள் படத்தைக் கழுவினாள். கறுப்பும் வெள்ளையும் இடம் மாறி விழுந்திருந்ததை இன்னொரு காகிதத்தில் நேராக்கி வெளியே கொண்டுவந்தாள். கம்பியில் தொங்கிய சட்டைகள், தேய்க்கும் மேசை, சுவர், எல்லாம் பளிச்சென்று இருந்தன. நாற்காலியில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அப்பா இருந்தார். அம்மாவைக் காணோம்.

"நான் நல்லா விழுந்திருக்கேன்ல?" அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஆமா, உங்கம்மா எங்க? கடைக்கே வராத மாதிரி இருக்கே?"

"நகர்ந்துக்கிட்டே இருக்கறவங்களை டப்பாவால பிடிக்க முடியலப்பா. யாரு சும்மா இருக்காங்களோ அவங்கதான் தெளிவா விழுவாங்க."

அவள் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ஆனாலும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். "நல்ல துணி போட்டதுதான் தண்டம்" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, மேசையருகில் தான் நிற்கும் இடத்தை விரலால் ஒருமுறை தடவினாள். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு அசையாம நில்லும்மா" என்று கெஞ்சினாள் மகள்.

"நான் நின்னா துணியை யாரு தேய்ப்பா?"

மகள் யோசித்தாள். மறுநாள் தன் சைக்கிளின் சின்ன வெள்ளை விளக்கைக் கழற்றி அம்மாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். விளக்கு எடுப்பாகத் தெரியட்டும் என்று கடைக் கதவைப் பாதி சாத்தினாள். "இப்ப நீ ஓடும்மா, எவ்வளவு வேணும்னாலும் ஓடு." அந்தப் பெண்ணின் மூளையை என்னவென்று சொல்வது!

டப்பாவின் துளை திறந்த கொஞ்ச நேரத்தில் அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார். யாரும் சொல்லவில்லை. தண்ணீர் தெளித்தார். சட்டைகளை மடித்தார்.

"காலர் உள்ள போகுது பாருங்க, அது சட்டையா சுருட்டுன பாயா?" என்றாள் அம்மா.

"சொல்லிக் குடு, கத்துக்கறேன்."

அன்றைக்குக் கழுவிய படத்தின் மேல் மூவரும் குனிந்தார்கள். மேசையின் மேல் இஸ்திரி போய்வந்த வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் வெளிச்சம் அடுக்கடுக்காகக் குவிந்திருந்தது. அங்கிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து வாசலுக்கு, மறுபடி மேசைக்கு என்று கடை முழுக்க வெளிச்சம் ஓடியிருந்தது.

"இவ்வளவுமா நான்?" என்றாள் அம்மா.

"இவ்வளவும் நீதாம்மா." மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். "ஐயோ, அப்பா! இதுல உங்களைக் காணோமே. இன்னொண்ணு எடுக்கட்டுமா?"

அவர் படத்தை வாங்கி, தன்னைத் தேடித் தேடிப் பார்த்தார். எங்கேயும் இல்லை. நாற்காலி காலியாக இருந்தது. முகம் மலர்ந்துபோனது.

"வேணாம், இதையே கொண்டுபோய் வை. யாராவது கேட்டா, அப்பாவும் அங்கதான் இருந்தாருன்னு சொல்லு."