சிஸ்டரின் கப்பல் பயணம்

கப்பலில் ஏழு நாள் தனியாகப் போய் வரப்போகிறேன் என்று சிஸ்டர் அறிவித்தபோது அந்த வீட்டில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்து, போன மாதம்தான் ஓய்வுபெற்றவள் அவள். தெருவே அவளை சிஸ்டர் என்று கூப்பிட, கட்டினவர் மட்டும் அப்படிக் கூப்பிட முடியாமல் 'இந்தாம்மா'வோடு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தங்கமான மனுஷர்தான், ஆனால் தண்ணீர் என்றால் ஆகாது. கல்யாணமான புதிதில் பத்தே நிமிஷப் படகுப் பயணத்தில் டிக்கெட் கிழிப்பவரின் செருப்பிலேயே வாந்தி எடுத்தவர். அதனால் சிஸ்டர் அவரைக் கூப்பிடவே இல்லை. தானே நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் திட்டமிட்டாள். ஆட்டம் குறைவு என்று கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேட்டாள். ஒவ்வொரு துறைமுகத்திலும் எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்குள் ஏற வேண்டும் என்று எழுதிவைத்தாள். ஒருவர் போனாலும் இருவருக்கான கட்டணம் என்று டிராவல்ஸ் பெண் இழுத்தபோது, "பரவாயில்லம்மா, அந்த இன்னொரு கட்டில்ல என் பை தூங்கட்டும்" என்றாள். இரண்டாவது பெயர் ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லலாம், அதற்குப் பிறகு மாற்ற முடியாது என்று அந்தப் பெண் சொல்லியனுப்பினாள்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொம்பளை தனியாக ஊர் சுற்றினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று தம்பியைப் போனிலேயே வறுத்தெடுத்தாள். அவர் வழக்கம்போல எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினார். இந்த மனுஷர் தலையாட்டிவிட்டால் தன் ஏழு நாளும் போச்சு என்று சிஸ்டருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் தினமும் சாயங்காலம் அரைமணி நேரம் காணாமல் போனார். திரும்பும்போது முகம் வெளிறி, உதடு காய்ந்திருக்கும். கேட்டால் கடையில் வேலை என்பார். நோயாளி பொய் சொன்னால் சிஸ்டருக்குத் தெரியாதா? புதன்கிழமை பின்னாலேயே போனாள்.

மனுஷர் நேரே பூங்காவுக்குப் போய்க் குழந்தைகள் ஊஞ்சலில் உட்கார்ந்தார். சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, உந்தி உந்தி ஆடினார். பின்னால் நாலைந்து வாண்டுகள் தங்கள் முறைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றன. சிஸ்டர் போய்ச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள்.

"பழகிக்கிறேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. "வெள்ளிக்கிழமைக்குள்ள பழகிடும். நானும் வந்துட்டா அக்கா வாய அடைச்சிடலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, அவர்மேல் ஆசையும் பொங்கிக்கொண்டு வந்தது. பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"முப்பத்தொரு வருஷமா யாராவது ஒருத்தருக்கு வாந்தித் தட்டு பிடிச்சுக்கிட்டே நின்னுட்டேங்க. நீங்க வந்தா அங்கயும் அதேதான். ஏழே நாள், கையில எதுவும் இல்லாம கடலப் பாக்கணும்."

அவர் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தார். பிறகு, "எம்மேல கோபமில்லயே?" என்று கேட்டார்.

"கோபமிருந்தா உங்களக் கப்பல்ல ஏத்தியிருப்பேன்."

வெள்ளிக்கிழமை இருவரும் டிராவல்ஸுக்குப் போனால், அங்கே நாத்தனார் முன்னாலேயே வந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்திருந்தாள். மடியில் கைப்பை, கைப்பையில் பாஸ்போர்ட். தம்பிக்குத்தான் உடம்பு ஒத்துக்காது, நான் துணைக்குப் போகிறேன், கட்டில் ஒன்று சும்மாதானே கிடக்கிறது என்றாள். டிராவல்ஸ் பெண் பேனாவை எடுத்துவிட்டாள்.

சிஸ்டர் கையை உயர்த்தினாள். ஆபரேஷன் தியேட்டரில் கத்தி வைப்பதற்கு முன் எல்லாரும் வேலையை நிறுத்த வேண்டும். ஒருவர் நோயாளியின் பெயரையும் செய்யப்போகும் வேலையையும் உரக்கப் படிப்பார். ஆட்சேபணை இருப்பவர் அப்போதே சொல்லிவிட வேண்டும், பிறகு வாய் திறக்கக் கூடாது. அதைச் சொல்லிவிட்டு அவள் விண்ணப்பத்தைக் கணவரிடம் நீட்டினாள். தம்பி என்ன சொல்லப்போகிறான் என்று நாத்தனார் பார்த்தாள். சிஸ்டரும் அதையேதான் பார்த்தாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயரைப் படித்தார், வயதைப் படித்தார், அறை எண்ணைப் படித்தார். அடுத்த வரியில் நின்றார். அக்காவை ஒரு தடவை பார்த்தார்.

"உடன் வருபவர், யாருமில்ல. என் வீட்டம்மா தனியாத்தான் போறாங்க."

"ஊர்ல கேட்டா என்னடா சொல்லுவ?" என்றாள் நாத்தனார்.

"அவங்க கேக்குற வரைக்கும் எதுக்குக்கா காத்திருக்கணும்? கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே சொல்லப்போறேன்."

சிஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை, தன்னை நினைத்தும் அந்த மனுஷரை நினைத்தும். விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.