கொண்டை விலகிய சேவல்

தீப்பெட்டி லேபிளில் சேவல் ஓரிடத்திலும் அதன் கொண்டை வேறிடத்திலும் அச்சாகி வந்தபோது, கோவில்பட்டியில் எல்லோரும் சொல்வதையே பூவனநாதன் அண்ணாச்சியும் சொன்னார்.

"கரிசல் மண்ணு இறங்கிட்டு."

எங்கள் ஊரில் சுவர் வெடித்தாலும் கதவு சிக்கினாலும் மண்தான் காரணம். பாதி நேரம் அது உண்மை. அதனால் மீதிப் பாதியை யாரும் விசாரிப்பதில்லை.

அண்ணாச்சியின் அச்சகத்தில் பத்து டன் இயந்திரம் மாடியில், குட்டையான, கனத்த இரும்பு உத்திரங்கள் மேல் நிற்கிறது. அஸ்திவாரம் போட்டவர் குருசாமி கொத்தனார். உத்திரத்துக்குக் கணக்குப் போட்ட இன்ஜினியர் கிருஷ்ணவேணி நான்தான். நடுப்பகுதி கால் மில்லிமீட்டருக்கு மேல் தொய்யாது என்று கையெழுத்தும் போட்டிருந்தேன். அதற்கு மேல் தொய்ந்தால் ஒரு நிறத்தின் மேல் அடுத்த நிறம் பொருந்தி விழாது.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி எல்லார் முன்னாலும் குருசாமியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏழடி தோண்டுனேன்னு சொன்னீரே, மூணடிதான தோண்டுனீரு? இனிமே ஒமக்கு இங்கன வேல கெடையாது."

நான் வாயைத் திறக்கவில்லை. உண்மை எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

நீள உத்திரம் வளையும், அதோடு சரி. குட்டை உத்திரம் வளைவதோடு, பக்கவாட்டில் தள்ளிய லேபிள் கட்டுபோல உள்ளுக்குள் சரியவும் செய்யும். இதற்கு ஷியர் என்று பெயர். அதையும் சேர்த்துக் கணக்கிட மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் உண்டு, டிக் போட வேண்டும். வீட்டு உத்திரங்களுக்கு அது இல்லாவிட்டால் குடிமுழுகாது. வீடுகளாகவே போட்டுப் பழகிய கை, இங்கேயும் டிக் போடாமல் விட்டது. செவ்வாய்க்கிழமை டிக் போட்டுப் பார்த்தேன். தொய்வு பூஜ்யம் புள்ளி இரண்டு மில்லிமீட்டரிலிருந்து பூஜ்யம் புள்ளி நான்கானது.

சனிக்கிழமை குருசாமி தானே மண்வெட்டியோடு வந்து தூணடியைத் தோண்டத் தொடங்கினார். அறுபது வயது. நாலடிக் குழிக்குள் தலை மட்டும் தெரிந்தது. என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவர நிறுத்தச் சொல்லுங்க அண்ணாச்சி. தப்பு என் கணக்குல."

பூவனநாதன் நம்பவில்லை. "கம்ப்யூட்டர் தப்பாப் போடுமா?"

"டிக் போடாதது நான்."

உத்திரத்தில் பாரம் விழாதபடி ஜாக்கி வைத்து இயந்திரத்தைத் தூக்கச் சொன்னேன். இம்மி அசைவையும் காட்டும் டயல் கேஜைக் கீழே பொருத்தியிருந்தோம்; அதில் உத்திரத்தின் நடுப்பகுதி பூஜ்யம் புள்ளி நான்கு மில்லிமீட்டர் மேலே வந்தது. நுனிகள் அசையவில்லை.

"இறங்குன மண்ணு திரும்ப ஏறுமா அண்ணாச்சி?"

"ஏறாது" என்றார், குழியைப் பார்த்தபடி.

இயந்திரத்தின் நடுக்காலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்று வைத்தோம். கொண்டை தலைக்கு வந்துவிட்டது. அண்ணாச்சி குருசாமிக்கு டீ சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை.

குருசாமி டீயைத் தொடாமல் என்னிடம் வந்தார்.

"ஒங்களுக்கு எப்பம் தெரியும் தாயி?"

"செவ்வாய்க்கிழமை."

விரல் விட்டு எண்ணினார். நாலு விரல். பிறகு குழியோரம் போய், தோண்டிய மண்ணைத் தானே தள்ளி மூட ஆரம்பித்தார். நானும் ஒரு மண்வெட்டி எடுத்தேன்.

"வேண்டாம் தாயி" என்றார். "இது என் வேல."