முதலில் விழித்த கணினி

1

என்னிடம் கேட்கப்பட்டது ஓர் அறிக்கை. நான்கு வரி போதும் என்றார் ஃபிரெடி. அது வராமல் இது வந்துகொண்டிருக்கிறது.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் கீழே அவர் கடை. கண்காணிப்பு கேமரா மாட்டுவது, நெட்வொர்க் வேலை. மேலே நான் குடியிருக்கிறேன். அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. எங்களுக்குள் பேச்சு குறைவு. சில மதியங்களில் அவர் மேலே வந்து நாற்காலியில் உட்காருவார். நான் திருத்திக்கொண்டிருப்பேன். பிறகு எழுந்து போய்விடுவார். இருவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

இந்த ஞாயிறு பூசை முடிந்து நேராக மேலே வந்தார்.

"சார், நீங்க எழுதுறவரு. ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. நான் எழுதுனா கொத்தனார் கணக்கு மாதிரி இருக்கும்."

"என்ன ரிப்போர்ட்?"

"காலேஜ்ல கொஸ்டின் பேப்பர் வெளிய போயிருச்சு. எந்தக் கம்ப்யூட்டர்லேருந்து போச்சுன்னு நான் புடிச்சிருக்கேன். அதத் தமிழ்ல எழுதிக் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் காலையில குடுக்கணும். தாளாளர் அத எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறாரு."

"அதான் புடிச்சாச்சுல்ல. பெறகு ஏன் மொகம் இப்பிடி இருக்கு?"

மேசைமேல் இருந்த அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. திரையில் 'அக்கா' என்று இருந்தது. கவிழ்த்து வைத்தார்.

(இந்தக் கைப்பேசியை முதல் படியில் அடித்துவிட்டேன். அறிக்கைக்கு அது தேவையில்லை. இரண்டாம் படியில் திரும்ப எழுதினேன்.)

2

தொடக்கங்கள்.

'அரிமளம் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியின் அலுவலகத்தில், பிரகதீஸ்வரி ஜன்னலோரத்தில் அமர்ந்து' — நிறுத்திவிட்டேன். ஒரு பெண்ணை ஜன்னலோரத்தில் உட்கார வைத்தால் வாசகர் உடனே அவள் பக்கம் சாய்ந்துவிடுவார். ஆனால் அவள் மேசை ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்வது?

'தேர்வுப் பிரிவு எழுத்தர் பிரகதீஸ்வரி, வினாத்தாளைத் தன் கணினியிலிருந்து' — இதையும் நிறுத்திவிட்டேன். ஃபிரெடி கேட்டது இந்த வாக்கியத்தைத்தான். இலக்கணத்தில் பிழை ஏதுமில்லை. முடிக்கத்தான் கை வரவில்லை.

ஆகவே பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

அலுவலகச் சுவரில், சாமி படத்துக்குக் கீழே, ஒரு ஃபயர்வால் பெட்டி இருக்கிறது. உள்ளே இருக்கும் கணினிகள் வெளி உலகத்தோடு பேசுவது அதன் வழியாகத்தான். பேச்செல்லாம் சிறு சிறு பொட்டலங்களாகப் போகும். எது போகலாம், எது போகக் கூடாது என்ற விதிகளை ஃபிரெடி அதில் எழுதி வைத்திருக்கிறார். பெட்டி விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் விதியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது.

"மனுசன் மாதிரி," என்றேன்.

"மனுசன் மேலருந்தாவது படிப்பானா சார்?" என்றார்.

சென்ற பருவத்திலும் ஒரு வினாத்தாள் வெளியே போனது. தாளாளர் ஆத்மநாதன் ஃபிரெடியைக் கூப்பிட்டு, "அந்த ஜன்னல் பக்கத்துப் புள்ளைய மட்டும் பாரு, போதும்" என்றார். வினாத்தாள்கள் அவள் கையில் இருப்பவை. பெட்டியும் பழசு, எல்லாரையும் பிடித்தால் தாங்காது. பெட்டி ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் தரும்; அவளுடையதற்கு முதல் எண். ஃபிரெடி அன்று இரண்டு விதி எழுதினார். முதல் எண் கொண்ட கணினி மட்டும் வெளியே பெரிய கோப்புகளை அனுப்பலாம். மதிப்பெண்களைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது அவள் வேலை. அந்த முதல் எண்ணுக்கு வந்துபோகும் பொட்டலங்களை மட்டும் பெட்டி ஒரு சிறு நினைவக அட்டையில் பிடித்து வைக்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் முதல் எண்ணிலிருந்து ஒரு கோப்பு வெளியே போனது. பொட்டலங்கள் பூட்டியவை, உள்ளே இருப்பது தெரியாது. எங்கே போகிறது, எவ்வளவு கனம் என்பது மட்டும் மேலே தெரியும். வினாத்தாளின் கனம். வியாழன் காலை அது மாணவர்களின் கைப்பேசிகளில் இருந்தது.

இங்கேயே நிறுத்தினால் அறிக்கை முடிந்துவிடும். பொருந்துகிற முதல் விதி.

3

சனிக்கிழமை தாளாளர் அறையில் நடந்ததை ஃபிரெடி சொன்னபடி எழுதுகிறேன். நான் அங்கே இல்லை. ஃபிரெடி சொல்லாத ஒரே ஒரு சொல்லை நான் சேர்த்திருக்கிறேன். எது என்று சொல்ல மாட்டேன்.

பிரகதீஸ்வரி நின்றுகொண்டிருந்தாள். குரூப் ஃபோர் தேர்வில் தேறியிருக்கிறாள். அடுத்த வாரம் சான்றிதழ் சரிபார்ப்பு. காவல் நிலையத்தில் அவள் பெயரில் ஒரு வழக்கு விழுந்தால் அந்த அரசு வேலை அத்தோடு போயிற்று. அறையில் இருந்த மூவருக்கும் இது தெரியும்.

"பேப்பர அனுப்புனியா இல்லையா?"

"இல்ல சார்."

"இந்தா நிக்கிறான்ல, இவன் பெட்டி சொல்லுது."

"பெட்டி பேரச் சொல்லுதா சார்?"

"நக்கலா?"

"இல்ல சார், தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். புதன்கெழம எங்கம்ப்யூட்டரு காலையிலேருந்தே சரியில்ல சார். மார்க்கு ஃபைலு போகவே மாட்டேன்னுருச்சு. ஃபிரெடி அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கல. நெட்டு மோசம்னு விட்டுட்டேன்."

"அன்னைக்கு மட்டும் என்ன மோசம்?"

அவள் யோசித்தாள். பிறகு தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்து ஒன்றைச் சொன்னாள்.

"அன்னைக்குச் செங்கமலத்தக்கா வரல சார். அவுக மகளுக்கு வளைகாப்பு. நாந்தான் சீக்கிரமா வந்து ஆபீசத் தொறந்து மெயினப் போட்டேன். வாசப்பக்கத்துலேருந்து ஒவ்வொரு கம்ப்யூட்டராப் போட்டுக்கிட்டே போனேன். எல்லாருதும் போட்டுட்டு என்னுதக் கடைசியாத்தான் போட்டேன்."

தாளாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"அப்ப எல்லாக் கம்ப்யூட்டரையும் தொட்டிருக்க."

"சுவிட்சத் தொட்டேன் சார்."

"தொட்டேன்கிறத எழுதிக் குடுத்துட்டுப் போ. திங்கக்கெழம வராத."

அவள் ஃபிரெடியைப் பார்த்தாள். ஃபிரெடி எதுவும் பேசவில்லை.

4

அவர் பேசாதது ஏன் என்பதைச் சொல்ல, அந்த அலுவலகத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

தினமும் சாயங்காலம் பூட்டும்போது மெயினை அணைத்துவிடுவார்கள். மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்பது தாளாளர் உத்தரவு. பெட்டியும் அணையும். அணைந்தால், எந்தக் கணினிக்கு எந்த எண் கொடுத்தோம் என்பது அதற்கு மறந்துபோகும்.* காலையில் எந்தக் கணினி முதலில் விழிக்கிறதோ அதற்கு முதல் எண், அடுத்து விழிப்பதற்கு அடுத்த எண். உதவியாளர் செங்கமலம் காலையில் வந்ததும் ஜன்னலைத் திறப்பார். அங்கேயே ஆரம்பித்து ஒவ்வொரு கணினியாகப் போட்டபடி வாசலுக்கு வருவார். வருடக்கணக்காக இதுதான் வரிசை. எண்கள் ஒருநாளும் மாறியதில்லை. ஆகவே அவை மாறாது என்றே ஃபிரெடி இருந்துவிட்டார்.

"ஒவ்வொரு மெசினுக்கும் ஃபேக்டரியிலயே போட்ட நம்பர் ஒண்ணு இருக்கு சார். அது மாறாது. அத வச்சு எழுதியிருக்கலாம். தேவையே வரல. செங்கமலத்தக்கா ஜன்னல்லேருந்து போடுறவரைக்கும் எல்லாம் கரெக்டாத்தான இருந்துச்சு."

புதன்கிழமை வரிசை திரும்பிவிட்டது. ஜன்னலோரக் கணினிக்குக் கடைசி எண். வெளியே அனுப்பும் அனுமதியும், பிடித்து வைக்கும் கண்ணும் வாசலோரக் கணினிக்குப் போய்விட்டன.

"வாசல்கிட்ட யாரு உக்காருவா?" என்று கேட்டேன்.

கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. திரையில் அதே 'அக்கா'.

* கணினி தெரிந்த வாசகர்கள் இந்த இடத்தில் முகம் சுளிக்கலாம். எல்லாப் பெட்டிகளும் இப்படி மறப்பதில்லையாம். இது மறக்கும்.

5

ரீட்டாவை நான் இதுவரை உங்களுக்குக் காட்டவில்லை. ஃபிரெடியின் அக்கா. அதே அலுவலகத்தில் கட்டணப் பிரிவு. ஃபிரெடிக்கு அந்தக் கல்லூரி வேலையை வாங்கிக் கொடுத்தவர். கிறிஸ்துமஸுக்கு எனக்கும் சேர்த்துப் பலகாரம் அனுப்புகிறவர். மகள் ஸ்வீட்டி அங்கேதான் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சில பாடங்கள் நிலுவை.

பிரகதீஸ்வரியை 'அவள்' என்றும் ரீட்டாவை 'அவர்' என்றும் எழுதியிருக்கிறேன். மெய்ப்புத் திருத்துகிறவன் கண்ணுக்கு இது தப்பக் கூடாது. தப்பவில்லை. திருத்தவும் இல்லை.

இந்த முறை ஃபிரெடி எடுத்தார். சத்தம் எனக்கும் கேட்டது.

"ஏண்டா, பூச முடிஞ்சு எங்கிட்டுடா போன? மணமேல்குடி மீனு வாங்கிக் கொழம்பு வச்சிருக்கேன். ஆறிப்போகுது."

"வாரேன்க்கா."

"இப்பிடித்தான் சொல்லுவ, அடுத்த ஞாயித்துக்கெழம வருவ. சரி, அந்தப் புள்ளைய என்னடா பண்ணப் போறாக?"

"எந்தப் புள்ள?"

"பிரகதீஸ்வரிதான்டா. பாவம்டா அவ."

ஃபிரெடி என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஸ்வீட்டி என்ன பண்ணுதுக்கா?"

"படுத்தே கெடக்கு. சாப்புட மாட்டேங்குது. காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

இந்தக் கடைசி வரியை நான் கேட்டேனா, எழுதும்போது சேர்த்தேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 'பாவம்டா அவ' என்பதைக் கேட்டேன். அது சத்தியம். அந்தச் சொல்லில் இருந்தது வெறும் இரக்கமா, வேறு ஏதாவதா என்பதை நீங்கள் என்னிடம் கேட்கக் கூடாது.

6

முடிவுகள்.

அ. நான் நான்கு வரி எழுதிக் கொடுக்கிறேன். ஃபிரெடி கையெழுத்துப் போடுகிறார். பெட்டி பொய் சொல்லவில்லை; முதல் எண்ணிலிருந்துதான் போனது. பிரகதீஸ்வரி ஒரு சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாள்.

ஆ. ஃபிரெடி இப்போதே கல்லூரிக்குப் போகிறார். காவலாளி அழகுமலை கதவைத் திறந்துவிடுவார். பெட்டியிலிருந்து அட்டையை உருவி, பிடித்து வைத்த பொட்டலங்களைப் பார்க்கலாம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் கணினியின் அந்த மாறாத எண் இருக்கும். அது வாசலோரத்துடையது என்றால் — [வாக்கியம் இங்கே நிற்கிறது. அப்போதும் அது கணினியைத்தான் சொல்லும், கையைச் சொல்லாது. எல்லாவற்றையும் தொட்டதாக ஒருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள்.]

இ. எதுவும் செய்யாமல் இருப்பது. இதற்கு நாளைக் காலை வரைதான் நேரம். அட்டையில் இடம் அநேகமாக நிரம்பிவிட்டது. நிரம்பினால் பழையதை அழித்துப் புதியதை எழுதும். நாளை செங்கமலம் வந்து ஜன்னலைத் திறப்பார், பிரகதீஸ்வரியின் கணினியை முதலில் போடுவார். அவள் இல்லாத மேசையில் அது விழித்து, முதல் எண்ணை வாங்கிக்கொண்டு, ஞாயிறு முழுதும் தூங்கியதற்குச் சேர்த்து மென்பொருள் புதுப்பித்தல்களை வாங்கத் தொடங்கும். புதன்கிழமை அழியத் தொடங்கும். அவளுக்காகச் சாட்சி சொல்லக்கூடியதை அவள் கணினியே அழிக்கும்.

இந்த மூன்றாவது முடிவு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. கதைக்கு அழகாகப் பொருந்துகிறது. அந்த அழகைப் பார்த்துத்தான் பேனாவை வைத்தேன்.

7

வெகுநேரம் பேசாமல் இருந்தோம். இதற்கு முன் எங்களுக்குள் இருந்த மௌனங்களில் யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை. இதில் நான் அவரை எதிர்பார்த்தேன், அவர் என்னை.

"எழுதிட்டீங்களா சார்?"

"போய்ப் பாத்துட்டு வாங்க. பெறகு எழுதுறேன்."

"பாத்துட்டா அப்புறம் பாக்காத மாதிரி இருக்க முடியாது சார்."

"பாக்கலன்னாலும் கையெழுத்து ஒங்களுதுதான்."

"ஒங்களுக்கென்ன சார். நீங்க எழுதுவீங்க, அடிப்பீங்க, வேற எழுதுவீங்க. எனக்கு அக்கா ஒண்ணுதான் இருக்கு."

"அந்தப் புள்ள அன்னைக்கு ஒங்களுக்குப் போன் போட்டுச்சுன்னீங்களே?"

"போட்டுச்சு. எடுக்கல."

கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தெருமுனை வரை போய் நின்றது. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் அரிமளம் சாலை, கல்லூரி. வலப்பக்கம் அக்கா வீடு, மீன் குழம்பு. வண்டி அணையாமல் அங்கேயே உறுமிக்கொண்டிருந்தது.

என் ஜன்னலிலிருந்து தெருமுனை நன்றாகத் தெரியும். நான் எழுந்திருக்கவில்லை. இந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரை மட்டும் பார்க்க வேண்டும் என்று ஜன்னலோரத்தைக் காட்டியது தாளாளர். எனக்கு யாரும் எதையும் காட்டவில்லை. நானாகவே தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது சத்தம் நகர்கிறது. எந்தப் பக்கம் என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எழுந்து போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு வந்து இதை முடித்துக் கொடுங்கள். அறிக்கை நாளைக் காலை போக வேண்டும்; நான் எழுதியது இவ்வளவுதான்:

'புதன்கிழமை மதியம் முதல் எண்ணில் இருந்த கணினி