பெரிய இன்ஜினின் மிச்சம்

சென்னியப்பனின் லாரி வெறும் வண்டியாகத் திரும்பினால், அது வருவதற்கு மூன்று நாள் முன்பே அதன் சத்தம் வந்து வாசலில் நின்றுவிடும். நாமக்கல்லிலிருந்து பரமத்தி வேலூர் போகும் வழியில் இருக்கும் புதூரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பால் சொசைட்டி வளைவில் கியர் இறங்கும், வேப்பமரத்தைத் தாண்டும்போது ஏர் பிரேக் சீறும், வாசலுக்கு வந்ததும் ஆக்சிலேட்டரில் இரண்டு மிதி விழும், பிறகு இன்ஜின் அணையும். எட்டிப் பார்த்தால் புழுதிகூடக் கிளம்பியிருக்காது. வெளியூர்க்காரர்கள் மட்டும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத லாரியைத் திட்டிவிட்டுப் போவார்கள்.

ஆரம்பத்தில் இவ்வளவு இல்லை. 2013இல் வாங்கிய முதல் வண்டியில் இருந்தது ஒரு கம்பெனியின் சின்ன ஆறு சிலிண்டர் இன்ஜின். அதன் சத்தம் ஓர் உலை அரிசி வேகிற நேரம்தான் முந்தும். சென்னியப்பனின் மனைவி சௌந்திரம் சத்தம் கேட்டு அரிசி போட்டால், சோறு வடிக்கும்போது அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார். வண்டி கழுவும் நாட்களில் அதைக் கிணற்றடிக்கு நகர்த்தி நகர்த்தியே அவளுக்கு ஓட்டவும் ஓரளவு கைவந்திருந்தது. 2021இல் அதே கம்பெனியின் பெரிய ஆறு சிலிண்டர் வீட்டுக்கு வந்தது. மெக்கானிக் குமரகுரு இரண்டு வண்டிகளின் கேபினையும் கவிழ்த்துப்போட்டு, பெண் பார்க்க வந்தவர் மாதிரி ஒரு நாள் முழுக்கப் பார்த்தார். சின்னது ஐந்தேமுக்கால் லிட்டர், பெரியது எட்டுக்குக் கொஞ்சம் கூட. சின்னது டீசலுக்கு அடக்கம், ஆனால் தொப்பூர் கணவாய் ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பெரியது அண்டா அண்டாவாகக் குடிக்கும், ஆனால் மேடு என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. சத்தம் முந்துவதற்கும் அவர் காரணம் வைத்திருந்தார். "சின்னதுக்கு இருக்கற பலமெல்லாம் இழுக்கவே செரியாப் போயிருதுங்கக்கா. பெருசுக்கு மிச்சம் நிக்குது. மிச்சம் சும்மா இருக்குமா? அது முன்னால ஓடியாருது." முழுச் சரக்கு ஏற்றினால் ஒரு நாள், பாதிச் சரக்குக்கு இரண்டு நாள், வெறும் வண்டிக்கு மூன்று நாள் என்று சௌந்திரம் தானே கணக்குப் பிடித்துவைத்திருந்தாள். நான்கு வருடத்தில் அது ஒருதடவைகூடப் பிசகவில்லை.

அந்த இரண்டு மிதி சென்னியப்பனின் அடையாளம். சூடான இன்ஜினை அப்படி மிதித்து அணைத்தால் டர்போ கெட்டுவிடும் என்று குமரகுரு தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார். அந்தக் கால் கேட்பதாக இல்லை. ஊரில் எத்தனை லாரி வந்து நின்றாலும் சௌந்திரம் அடுப்படியில் இருந்தபடியே, இது அவர், இது அவரில்லை என்று சொல்லிவிடுவாள்.

இந்த வருடம் ஐப்பசியில் அவர் சேலத்து ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூர் போனார். திரும்பும்போது கோழிப் பண்ணைக்குச் சோயாப் புண்ணாக்கு ஏற்றுவது வழக்கம். அந்த நடை சரக்கு அமையாமல் வெறும் வண்டியாகக் கிளம்பினார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குச் சத்தம் வந்தது. பால் சொசைட்டி வளைவில் கியர் பல்லைக் கடித்துக்கொண்டு அலறியது. வேப்பமரத்தடியில் பிரேக் குலுங்கிக் குலுங்கிப் பிடித்தது. வாசலில் வந்து நின்றது. இரண்டு மிதி விழவில்லை. இன்ஜின் அப்படியே அணைந்தது. சற்று நேரம் கழித்து ஒரு பெண் வாய்விட்டு அழும் குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று சௌந்திரத்துக்குத் தெரிந்தது.

அதே தெருக் கருப்பண்ணன் இரண்டு வருடம் முன்பு நெல்லூர்ப் பக்கம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடியே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அவருடைய லாரியை முன்பின் தெரியாத ஒருவர் ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியபோது, அவர் மனைவி ஜோதி அழுத அழுகையைத் தெருவே கேட்டது. வீட்டுக்காரன் ஓட்டாமல் வண்டி மட்டும் வீடு வந்தால் லாரிக்காரர் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். சௌந்திரம் உடனே போன் போட்டாள். அவர் எங்கோ ஒரு தாபாவில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். உயிரோடு மெல்லும் சத்தம் அவள் காதில் விழுந்தது.

"ஏனுங்க, வண்டிய அங்கியே எங்காச்சும் போட்டுப்போட்டு ரயில்ல வந்துருங்க."

"வண்டிய நடு வழீல உட்டுப்போட்டு வாரதா? உனக்கென்ன சாமி ஆச்சு? வெள்ளிக்கெழம வந்தர்றேன், போ."

அழுகை கேட்டதை அவள் சொல்லவில்லை. சொன்னால் அந்த நினைப்போடு ஓட்டுவார், அதுவே வினையாகிவிடும் என்று பயந்தாள். குமரகுருவிடம் ஓடினாள். பெரிய இன்ஜின் முன்னால் அனுப்பியதை எந்த ஸ்பேனராலும் திருப்ப முடியாது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். புதன்கிழமை முழுக்க அவளுக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. அவர் போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

வியாழக்கிழமை மதியம் வேலூர்ச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போன வண்டியைப் பார்த்ததும் அவளுக்கு மூத்தாள் ஞாபகம் வந்தாள். சௌந்திரத்துக்கு மூத்தாள் ஒரு பூவன் வாழை. சென்னியப்பன் ஜாதகத்தில் இரண்டு தாரம் இருந்தது, முதல் தாரம் நிலைக்காது என்றும் இருந்தது. அதனால் முதலில் வாழைக்குத் தாலி கட்டி, அன்றே அதை வெட்டிச் சாய்த்துத் தோஷம் கழித்த பிறகுதான் இவள் கழுத்தில் கட்டினார்கள். ஜாதகம் சொன்னது நடந்தது, யாரும் சாகவில்லை. பத்தொன்பது வருடமாக 'வாழைக்கு வாக்கப்பட்டவரே' என்று புருஷனைக் கேலி செய்துகொண்டிருந்தவள், அன்று ரோட்டில் நின்று அந்த வாழையைக் கும்பிட்டாள். சத்தத்தையும் அப்படியே தானே நடத்திக் கழித்துவிட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே மெயின் ரோட்டுப் பிரிவில் போய் நின்றாள். தொப்பூர் இறங்கிவிட்டேன் என்று அவர் காலையில் பேசியிருந்தார். அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை. பத்தரைக்கு லாரி தெரிந்தது. ஓட்டிவருவது யார் என்று கண்ணாடியில் தெரியும்வரை ரோட்டோரத்தில் கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். அவர்தான்.

"எறங்குங்க. நா ஓட்டறேன்."

"இது சின்ன இன்ஜின் இல்ல புள்ள, கிளட்ச்சே உன்ற காலுக்கு..."

"மாமா, எறங்குங்க."

அவள் முகத்தைப் பார்த்தார், இடதுபக்க சீட்டுக்கு நகர்ந்தார். சின்ன வண்டியில் பழகிய காலுக்குப் பெரியதின் கிளட்ச் கல்லாக இருந்தது. பால் சொசைட்டி வளைவில் கியர் பல்லைக் கடித்து அலறியபோது, செவ்வாய்க்கிழமை கேட்ட அதே அலறல்தான் என்று அவள் காது சொன்னது. வேப்பமரத்தடியில் பிரேக் குலுங்கியது. வாசலில் நிறுத்தினாள். அங்கேதான் ஆபத்து காத்திருந்தது. இத்தனை வருடம் காது கேட்ட பழக்கத்தில் அவளுடைய வலது கால் தானாகவே அந்த இரண்டு மிதிக்கு எழுந்தது. மிதித்துவிட்டால் அந்தச் சத்தம் கழியாது, வேறொரு நாளுக்குப் பாக்கி நிற்கும். சௌந்திரம் இரண்டு கையாலும் தன் முழங்காலைப் பிடித்து மேலே தூக்கி வைத்துக்கொண்டு, கைப்பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அணைந்தது.

இனி அழ வேண்டும். அழுகை வரவில்லை. வாயைத் திறந்து பார்த்தாள், காற்றுதான் வந்தது. ஒப்புக்கு அழுதால் இன்ஜின் ஒத்துக்கொள்ளுமா என்று தெரியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளட்ச் பிளேட்டத் தேச்சுப்போட்டயே சாமி" என்றார் சென்னியப்பன்.

அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தெருக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த அழுகையை அவர்கள் செவ்வாய்க்கிழமையே கேட்டிருந்தார்கள்.

அடுத்த நடை போனபோது மூன்றாம் வாரம் ஒரு திங்கட்கிழமை சத்தம் வந்தது. இரண்டு மிதியும் ஒழுங்காக விழுந்தன. அது ஒரு நாள் சத்தமா மூன்று நாள் சத்தமா என்று போனில் சரக்கு விவரம் கேட்டுக்கொண்டு, சௌந்திரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.