கல்லில் இருந்த பெயர்

மண்டபம் ஒரு கட்டில் கடையின் மாடியில் இருந்தது. படியேறியதும் ஒரு மேசை, அதன் மேல் ஆறு நிறத்தில் ரிப்பன். போரில் இறந்துபோன பெரியவரின் எண்பதாவது நினைவு நாளுக்காகக் குடும்பம் மொத்தமும் கூடியிருந்தது. நூற்று நாற்பது பேருக்குக் குறையாது. யார் எந்தக் கிளை என்று தெரிவதற்காக நிறம் பிரித்திருந்தார்கள். பெரியவரின் தம்பிக்கு ஐந்து பிள்ளைகள், ஆகவே ஐந்து நிறம். ஆறாவது வெள்ளை, பெரியவரின் சொந்தக் கிளைக்கு. அந்தச் சுருளில் ஒரு சாண் மட்டும் வெட்டியிருந்தார்கள்.

அந்த ஒரு சாண் அவளுக்கு. பெரியவரின் ஒரே மகனுக்கு அவள் ஒரே மகள். ஐம்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு மருத்துவமனையில் காதைச் சோதித்துக் கருவி பொருத்தும் வேலை. அதனால் உறவில் அவளுக்குக் 'காது டாக்டர்' என்று பேர். டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது.

விழா ஏற்பாடெல்லாம் அவளுக்குத் தம்பி முறையான ஒருவனுடையது. டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன்.

"வாங்கக்கா. தனியாவா வந்தீங்க?"

"வேற யாரோட வர்றது?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தவன், அதற்குள் வேறு யாருக்கோ கையாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கிளை கிளையாகப் படம் எடுத்தார்கள். மஞ்சள் கிளை மூன்று வரிசை நின்றும் இரண்டு பேருக்குத் தோள் மட்டும்தான் தெரிந்தது. கடைசியில் வெள்ளையைக் கூப்பிட்டார்கள். அவள் போய் நின்றாள். படம் எடுப்பவர் மற்றவர்கள் வரட்டும் என்று கேமராவை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

"அவ்வளவுதாங்க," என்றாள்.

மேடையில் பெரியவரின் படம் இல்லை. அவரை யாரும் படம் எடுத்து வைக்கவில்லை. போர் நினைவுக் கல்லின் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். கல்லில் இருந்ததும் அவர் பேர் இல்லை, தம்பியின் பேர். படை அலுவலகத்தில் எவனோ தூக்கக் கலக்கத்தில் மாற்றி எழுதிவிட்டான் என்பது அந்தக் குடும்பத்தின் பழைய சிரிப்பு. "நான் செத்து நாப்பது வருஷமாச்சு, எனக்கு எதுக்கு வெந்நீர்?" என்று தம்பி கிழவர் குளிக்கும்போதெல்லாம் சொல்வாராம். அதைக் கேட்டு அவளும் சிரித்திருக்கிறாள்.

அந்தத் தம்பியின் பிள்ளைகளில் மிஞ்சியவர் ஒருவர்தான், அவளுக்குச் சித்தப்பா. டிரைவிங் ஸ்கூல்காரனின் அப்பா. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய காதுக் கருவி விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கழற்றித் துடைத்து, சரியாக அழுத்தி வைத்தாள்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது." அவர் அவள் கையை விடவில்லை. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். கல்லுல பேரு தப்பா எழுதலம்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"படைக்கு வரச்சொல்லித் தாள் வந்தது எங்கப்பாவுக்குத்தான். பதினெட்டு வயசு. பயந்து நடுங்கி, சாப்பிடாம கிடந்தாராம். உங்க தாத்தா அந்தத் தாளை எடுத்துப் பையில போட்டுக்கிட்டு, 'நீ இரு, நான் போய்ட்டு வரேன்'னு கிளம்பிட்டாரு. தம்பி பேர்லயே போனாரு. தம்பி பேர்லயே செத்தாரு. எங்கப்பா சாகுறதுக்கு முன்னாடி எங்கிட்ட மட்டும் சொன்னது."

அப்போது அவள் அப்பாவுக்கு ஏழு மாதம். தாத்தா கிளம்பும்போது தொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாரா என்று கேட்க நினைத்தாள். அது சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்?

"தொண்டையில மாட்டுன முள்ளு மாதிரி இருக்கு. மேடையில சொல்லிரட்டுமா? நீ வேணாம்னா விட்டுடுறேன்."

மண்டபத்தை ஒருமுறை பார்த்தாள். ஐந்து நிறத்திலும் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சொல்லுங்க சித்தப்பா."

அவர் சொன்னார். நின்று நின்று, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னார். "அவர் போகலன்னா நாம யாருமே இல்ல," என்று முடித்தார். மகன் மெதுவாக வந்து மைக்கை வாங்கினான்.

"அப்பாவுக்கு வயசாயிடுச்சு. ஏதோ ஞாபகத்துல பேசுறாரு. எல்லாரும் சாப்பிட வாங்க."

"அவருக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்று அவள் எழுந்து சொன்னாள். மைக் இல்லாததால் முதல் இரண்டு வரிசைக்குத்தான் கேட்டது.

சாப்பாட்டு மேசையில் அவள் எதிரே இருந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. சிலர் வந்து, துக்க வீட்டில் செய்வதுபோல் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். யாரும் உட்காரவில்லை. அத்தை மகள் ஒருத்தி மட்டும் குனிந்து, "இதை இன்னைக்குத்தான் சொல்லணுமா? பிள்ளைங்க முகமெல்லாம் வாடிப்போச்சு," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவள் தன் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து கை கழுவினாள். தாத்தா யாருக்காகப் போனாரோ அவர்கள் எல்லாரும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அது தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அங்கே இருக்க முடியாமல் படியிறங்கினாள்.

இரண்டு வாரம் கழித்துச் சித்தப்பா மருத்துவமனைக்குத் தனியாக வந்தார். வீட்டில் சொல்லவில்லை என்றார். கல்லில் பேரை மாற்றக் கேட்டு அவள் எழுதி வைத்திருந்த மனுவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், "ஏதாவது சாப்பிட்டுப் போலாமா சித்தப்பா?" என்று கேட்டாள். மகன் தேடுவான் என்று ஆட்டோ ஏறிவிட்டார்.

மனுவை அவள் படை அலுவலகத்தில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அலுவலகப் பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"விசாரிச்சு முடிக்க ஒரு வருஷம்கூட ஆகலாம். மாத்திடுவாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது."

"பரவாயில்ல."

"இந்தக் கட்டத்தை விட்டுட்டீங்க. இறந்தவரோட வாரிசுங்க பேரெல்லாம் எழுதணும். வேற யார் யார் இருக்கீங்க?"

"நான்தான்."

அந்தப் பெண் மனுவைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினாள். பத்துப் பேர் எழுத இடம் விட்டிருந்தது. அவள் முதல் வரியில் தன் பேரை எழுதி, மிச்சம் ஒன்பது வரிகளுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.