டோக்குஜிரோவின் காலைச் சோறு

முடிதிருத்துபவர் டோக்குஜிரோ வீரமரணம் அடைந்தார் என்று ராணுவம் அறிவித்த மறுநாள் காலையிலும், அவர் தன் வீட்டுச் சோற்றைப் பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டிருந்தார். ஊறுகாய் முள்ளங்கியை மட்டும் வழக்கம்போல ஓரமாக ஒதுக்கியிருந்தார். அப்போது அவர் எங்கள் ஊரான அமாஹாமாவில் இல்லை. கடல்கள் தாண்டி நியூகினிக் காட்டில் எங்கோ இருந்தார்; ராணுவத்தின் கணக்கில் எங்குமே இல்லை.

வெளியூர் போனவருக்கும் வீட்டில் ஒரு வேளைச் சோறு வைப்பது எங்கள் பழக்கம். கிண்ணத்தை மூடி வைத்து, சற்றுப் பொறுத்துத் திறந்தால் மூடியின் உட்பக்கம் நீர் முத்துக்கள் கோத்திருக்க வேண்டும். கோத்திருந்தால் போனவர் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். சூடான சோற்றை மூடி வைத்தால் நீர் கோக்காமல் வேறென்ன செய்யும் என்று கேட்கும் ஆள் எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. 1942 கோடையில் டோக்குஜிரோவுக்கு அழைப்பு வந்தது. நிலையத்தில் நாங்கள் கொடியசைத்து, தொண்டை கிழிய 'பன்சாய்' என்று வாழ்த்து முழங்கி அனுப்பிவைத்தோம். மறுநாள் அவர் மனைவி ஃபுசாயே சோறு வைத்தாள். மூடியைத் திறந்தபோது நீர் முத்தும் இல்லை, சோறும் இல்லை. சாப்பாட்டுக் குச்சிகள் ஈரமாக இருந்தன. உப்புப் பிளம்பின் கொட்டை மூடிமேல் துப்பப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு மீன்காரி இசோ வந்து பார்த்துவிட்டு, "நீதான் சாப்பிட்டுட்டு கதை விடுறியாடி?" என்று கேட்டாள். பிறகு ஒதுக்கிவைத்த முள்ளங்கியைக் கவனித்து, "இல்ல, இது அந்த மனுஷன்தான். இருந்தப்பவும் இதே ரவுசுதான்" என்று சொல்லிவிட்டு மீன் விற்கப் போனாள். ஒரு வாரத்தில் ஊர் பழகிக்கொண்டது.

எங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சீனாவின் நான்கிங் நகரம் எங்கள் ராணுவத்திடம் வீழ்ந்தபோது அமாஹாமாவில் விளக்கு ஊர்வலம் போனோம். அங்கே இருந்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. காகித விளக்குக்குள் மெழுகுவர்த்தி சாயாமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலையாக இருந்தது. எங்கள் உண்மையான பகை சீனாவோடோ அமெரிக்காவோடோ அல்ல, எதிர்க்கரை ஊரோடுதான். அவர்களிடம் கல்வெட்டு நட்ட மாவீரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். எங்கள் ஆட்களோ மலேரியாவோடும் வயிற்றுப்போக்கோடும் உயிரோடு திரும்பி வந்து எங்கள் மானத்தை வாங்கினார்கள். ஒருவன் கிளி வாங்கிக்கொண்டு வந்தான். ஆகவே 1943 இலையுதிர் காலத்தில், டோக்குஜிரோ எதிரி அரணின் மீது தனியாகப் பாய்ந்து உயிர்விட்டார் என்ற செய்தியும், அஸ்திக்குப் பதில் ஒரு கூழாங்கல் மட்டும் இருந்த வெள்ளைப் பெட்டியும் வந்து சேர்ந்தபோது, நாங்கள் துக்கமான முகங்களை வைத்துக்கொண்டு மிகுந்த மகிழ்ச்சியில் இருந்தோம்.

இடைஞ்சல் அந்தக் கிண்ணம்தான். சாப்பிடுகிறவர் உயிரோடு இருக்கிறார். உயிரோடு இருந்தால் எதிரியிடம் பிடிபட்டிருக்கிறார். பிடிபடுவதைப் போன்ற அவமானம் அன்று எங்களுக்கு வேறு கிடையாது. மனைவி தெருவில் தலைகாட்ட முடியாது, ஊருக்கும் கல்வெட்டு போய்விடும். தெருச்சங்கத் தலைவர் காமெகிச்சி ஃபுசாயே வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சாராயக்கடைக்காரர். ரஷ்யப் போரில் கோவேறு கழுதை மேய்த்தவர். அவர் சொல்லும் கதையில் அந்தக் கழுதை ஆண்டுக்காண்டு வளர்ந்து, அவருக்கு அறுபது வயதாகும்போது வெள்ளைக் குதிரையாகியிருந்தது.

"ஏம்மா ஃபுசாயே, இனிமே இந்தச் சோத்தை வைக்கக்கூடாது. செத்தவங்களுக்கு வைக்கிற மாதிரி குவிச்சு வச்சு, நடுவுல குச்சியை நட்டுடு. அதை எந்த உயிரும் தொடாது. பிரச்சினை முடிஞ்சுது."

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற மனுஷன் கையிலேருந்து எப்படித் தலைவரே புடுங்குறது?"

"செத்துட்டான்னு ராணுவமே சொல்லுது. ராணுவத்தைவிடக் கிண்ணத்துக்கு அதிகமாத் தெரியுமா?"

"கிண்ணத்துக்கு அவருக்கு முள்ளங்கி பிடிக்காதுன்னு தெரியும். ராணுவத்துக்குத் தெரியுமா?"

பங்கீட்டு அரிசி காமெகிச்சி கையில்தான் இருந்தது. எழுந்து செருப்பை மாட்டும்போது, செத்தவன் பங்கு நாளையிலிருந்து கிடையாது என்றார். அன்றுமுதல் ஃபுசாயே தன் பங்கைப் பாதியாகப் பிரித்தாள்.

இறுதிச் சடங்கில் குச்சிகளை காமெகிச்சியே நட்டார். ஊர் முழுதும் கூடியிருந்தது. சோறு மலைபோல் குவிந்திருந்தது. பிக்கு மந்திரம் தொடங்கியதும் குச்சிகள் தாமாக எழுந்து, ஒன்றோடொன்று ஒட்டி நின்று, சோற்றை வாரத் தொடங்கின. குவியல் மேலிருந்து சரிந்து குறைந்தது. நாங்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தோம். எங்களுக்குத் திறமை என்று ஒன்று உண்டென்றால் அது பார்க்காமல் இருப்பதுதான். அந்த ஆண்டுகளில் அதில் நல்ல பயிற்சியும் கிடைத்திருந்தது. பிக்கு மந்திரத்தை வேகமாக முடித்தார். குச்சிகள் கிண்ணத்தின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டன. அடுத்த மாதம் எதிர்க்கரைக் கல்வெட்டுகளைவிட ஒரு முழம் உயரமான கல்லை நட்டோம். காலையில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அதைக் குனிந்து வணங்கும் நேரத்தில், மூன்று வீடு தள்ளி அந்த மாவீரர் மிசோ சூப் குடித்துக்கொண்டிருப்பார்.

பிறகு அரிசி போய் வாற்கோதுமை வந்தது, அதுவும் போய்ச் சர்க்கரைவள்ளிக் கொடியின் தண்டு வந்தது. ஃபுசாயேவின் மோதிரம் விரலில் நிற்காமல் கழன்று விழுந்தது. "அந்தப் பாதியை நீ தின்னுடி, அங்க ஏதாவது போடுவாங்க" என்று இசோ திட்டினாள். "போடலைன்னா?" என்றாள் ஃபுசாயே. 1945 வசந்தத்தில் ஒரு காலை, பிரிப்பதற்கு வீட்டில் எதுவுமே இல்லை. அவள் வெறும் கிண்ணத்தை மூடி, தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அங்கேயே சாய்ந்துவிட்டாள். வாடை அடித்து இசோ ஓடி வந்தாள். மூடியைத் திறந்தால் உள்ளே கொழுப்பு மின்னும் ஆட்டிறைச்சித் துண்டு ஒன்றும் ரொட்டியும் இருந்தன.

எங்கள் ஊரில் யாரும் ஆடு பார்த்ததில்லை. அது எதிரி நாட்டு உணவு என்பது எல்லாருக்கும் உடனே தெரிந்தது. அன்றுமுதல் ஒவ்வொரு காலையும் அந்தச் சிறிய கிண்ணத்தில், அதற்குள் அடங்கவே முடியாத அளவுக்கு இறைச்சி இருந்தது. ஃபுசாயே தெரு முழுவதற்கும் பிரித்துக் கொடுத்தாள். தாய்நாட்டுக்காகத் தின்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். நான்காம் நாள் காமெகிச்சி சொந்தக் கிண்ணத்தோடு வந்து, வாசலில் தொண்டையைச் செருமினார்.

"சோதனைக்கு வந்தேன்."

"எலும்போட வேணுமா, எலும்பில்லாமலா தலைவரே?" என்றாள் ஃபுசாயே.

"எலும்போட" என்றார் அவர், கல்வெட்டுப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு.

போர் முடிந்து மறு ஆண்டு டோக்குஜிரோ ஆஸ்திரேலியக் கைதி முகாமிலிருந்து திரும்பினார். அதே முகாமிலிருந்து வந்த எதிர்க்கரைக்காரர்கள் கன்னம் உப்பி வந்தார்கள். இவர் மட்டும் சாப்பாட்டுக் குச்சி போல இருந்தார். கொடி இல்லை, பன்சாய் இல்லை. நிலையத்தில் ஃபுசாயேவும் இசோவும் மட்டும் நின்றார்கள். நாங்கள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தோம். அவர் தன் கல்வெட்டின் முன் நின்று முழுவதும் படித்தார். "தனியாப் பாய்ஞ்சேனா? பள்ளத்துல காய்ச்சல்ல படுத்தில்ல கிடந்தேன்" என்றார். வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் முதல் பேச்சு, "தினமும் அந்த முள்ளங்கியை ஏன்டி வச்சே?" என்பதுதான். "நீங்கதானான்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றாள் ஃபுசாயே.

ஒரு வாரம் கழித்துக் காமெகிச்சி முடிவெட்ட வந்து உட்கார்ந்தார். பிடிபட்டவர்கள் யாரும் அங்கே சொந்தப் பெயரைச் சொல்வதில்லை, வீட்டுக்கு அவமானம் என்பதால், என்று கத்தரியை ஓட்டியபடியே டோக்குஜிரோ சொன்னார்.

"அப்ப நீ யார் பேரைச் சொன்னே?"

"காய்ச்சல் வேகத்துல வாயில வந்த பேரு. மன்னிச்சுக்குங்க. அங்க அவ்வளவு காலமும் நீங்கதான் கைதி, தலைவரே."

கத்தரி நின்றது. கடையில் இருந்த எல்லாரும் கூரையைப் பார்த்தோம். காமெகிச்சி கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்போ அந்த இறைச்சி என் பங்குதான்" என்றார். "பாதியை நானே ஊருக்குக் குடுத்திருக்கேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

கல்வெட்டை யாரும் அகற்றவில்லை. முடிதிருத்தகத்தின் துண்டுகள் அதன்மேல்தான் காய்கின்றன. ஃபுசாயே இப்போதும் காலையில் கிண்ணம் வைக்கிறாள். ஒன்று தினமும், டோக்குஜிரோவோடு போய் அந்தப் பள்ளத்திலேயே கிடந்துவிட்டவர்களுக்கு. அதில் குச்சிகளை அவர்தான் நடுகிறார். கூழாங்கல்லும் அதன் பக்கத்தில் இருக்கிறது. அந்தச் சோறு குறைவதேயில்லை. நாங்கள் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறோம். மற்றது, அவர் எதிர்க்கரைக்கு முடிவெட்டப் போகும் நாட்களில் வைப்பது. படகில் சோற்றுமூட்டை சுமக்கும் வேலை மிச்சம். நண்பகலுக்குள் அது காலியாகிவிடும், முள்ளங்கி ஓரத்தில் இருக்கும்.